என் வரிசை எண்ணில் இன்னொரு கையெழுத்து

போன நாடாளுமன்றத் தேர்தல் அன்று நடந்தது இது. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அதுதான் எங்கள் வாக்குச்சாவடி. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் காலையில், என் வாய்க்கொழுப்பு எவ்வளவு, என் பிடிவாதம் எவ்வளவு என்று இரண்டையுமே நான் பார்த்துவிட்டேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு பொருள் சரியில்லை என்றால் அதைத் தள்ளிவைப்பதுதான் என் வேலை. யார் கெஞ்சினாலும் மசியமாட்டாள் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டிலும் அதே பெயர்தான், ஆனால் அங்கே யாரும் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் தம்பி அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கினான். அங்கே போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டதால் இங்கே அவனுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவனுக்குத்தான் ஓட்டைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கும் போலிருக்கிறது.

முதல் சண்டை துப்பாக்கியில் ஆரம்பித்தது. என் கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆவடியில் ஒரு நகைக்கடைக்குக் காவல் நிற்கிறார். லைசென்ஸ் எடுத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். முடிவெல்லாம் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும், அதுவரைக்கும் மனிதர் வெறும் தடியோடு கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். மாமாவை அந்தக் கோலத்தில் பார்த்ததும் தம்பிக்குத் தாங்கவில்லை. அவன் இருக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் நாலு துப்பாக்கி வைத்திருக்கிறாராம். தேர்தலுக்காக ஒப்படை என்று அவரிடம் யாராவது சொன்னால் தெருவே திரண்டுவிடுமாம், அது அவர்கள் உரிமையாம். உன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில், எவனாவது துப்பாக்கியோடு வந்தால் எங்கே போய் ஒளிய வேண்டும் என்று பழக்குகிறார்களே, அது யாருடைய உரிமை என்று கேட்டேன்.  என் கணவர் ரசீது பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

துப்பாக்கியில் தோற்றவன் ஓட்டுக்குத் தாவினான். அவன் மாநிலத்தில் வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடுமாம். சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே போட்டு, உறையில் கையெழுத்து வைத்து அனுப்பிவிடலாமாம். இங்கே இன்னும் வெயிலில் நின்று விரலில் மை வாங்கிக்கொண்டு வருகிறோமே என்று அவனுக்குச் சிரிப்பு. நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவரே தோற்றுப்போகும் கூத்து உங்கள் ஊரில்தானே நடக்கிறது என்று நான் கேட்டேன். இங்கே மட்டும் என்ன, நூறு பேரில் அறுபது பேர் வேண்டாம் என்றவர்கூட ஜெயித்துவிடுகிறாரே என்றான். உண்மையைச் சொன்னால் அது நியாயமான கேள்விதான். அதை அவனிடம் ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் பகுதியில் வீடு வீடாக பூத் சிலிப் கொடுக்க வேண்டியவர் ஒரு அங்கன்வாடி டீச்சர். மூட்டுவலிக்காரர், மாடி மாடியாக ஏற முடியாமல் அவர் திணறுவதைப் பார்த்து, எங்கள் தெருவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சிலிப் கட்டை வாங்கிவிட்டேன். அப்படிக் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சகஜம், தெரிந்தவர் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சிலிப்பில் படம் இருக்காது. பெயர், கணவர் பெயர் அல்லது அப்பா பெயர், வரிசை எண், எந்த பூத் என்கிற விவரம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் சாயங்காலம் தெரு முழுக்க அலைந்தேன். தம்பியும் கூடவே வந்தான், உதவிக்கு இல்லை, வாதாடுவதற்கு. ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு நாட்டை இழுத்தான். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் வாங்கும் ஆஸ்திரேலியாவை நான் இழுத்தேன். கதவு திறந்தால் சிலிப்பைக் கொடுப்பேன், கதவு மூடினால் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவோம். கடைசி வீடு, வரிசையாக வாடகைக்கு விட்ட, ஓடு வேய்ந்த வீடுகளில் ஒன்று. அங்கே சிலிப்பை நீட்டிவிட்டு, எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தேர்தல் அன்று என் கணவர் ஏழு மணிக்கே ஓட்டைப் போட்டுவிட்டுத் தடியோடு வேலைக்குப் போய்விட்டார். நான் பத்தரை மணிக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போனேன்.

முதல் மேஜையில் இருந்த அம்மா என் சிலிப்பைப் பார்த்து எண்ணையும் பெயரையும் உரக்கப் படித்தார். கட்சி ஏஜென்ட்கள் தங்கள் பட்டியலைப் புரட்டினார்கள். அந்த அம்மா பட்டியலில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இது நீங்கள் இல்லையே என்றார். என் அடையாள அட்டையை வாங்கித் தேடி, அடுத்த பக்கத்தில் என் படத்தைக் கண்டுபிடித்தார். அதே பெயர், அதே கணவர் பெயர், கதவு எண் மட்டும் வேறு. அந்த வரியில் ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. காலையிலேயே உங்கள் ஓட்டு விழுந்துவிட்டது மேடம் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை. என் ஓட்டை எவளோ கள்ள ஓட்டாகப் போட்டிருக்கிறாள், நீங்கள் இத்தனை பேர் உட்கார்ந்து என்ன கிழித்தீர்கள் என்று கத்தினேன். கள்ள ஓட்டு என்ற வார்த்தை வெளியே வரிசைவரைக்கும் போய்விட்டது. வாசலில் நின்ற பெண் போலீஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். சாவடியின் தலைமை அதிகாரி எழுந்து வந்தார். முப்பது வயதுகூட இராத வாத்தியார், ராத்திரியெல்லாம் தூங்காத கண், சட்டை முதுகு முழுக்க வியர்வை.

யார் போட்டது, கையெழுத்தைக் காட்டுங்கள் என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து தேடி எடுத்தார். என் வரிசை எண்ணுக்கு நேராக, கட்டத்தைத் தாண்டி வழிகிற பெரிய பெரிய எழுத்தில் என் பெயர். முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதின மாதிரி இருந்தது. ஏஜென்ட்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது நம்ம கடைசி ஊட்டு அக்காதான். அவங்களுக்கும் உன் பேருதான்கா, அவங்க ஊட்டுக்காரருக்கும் உங்க ஊட்டுக்காரர் பேருதான். காலைல முத ஆளா வந்து போட்டுட்டுப் போச்சு.”

அந்த ஒரு நிமிடத்தில் அறையில் எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. பெயரும் கணவர் பெயரும் ஒத்துப்போனதால், காலையில் திறந்த அவசரத்தில் படத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் சிலிப் அந்தக் கடைசி வீட்டுக்காரியுடையது. அவளுடைய வரி இன்னும் காலியாக இருக்கிறது. அவள் என் வரியில் போட்டுவிட்டாள், நான் அவள் வரியில் போட்டுவிட்டால் முடிந்தது. மெஷினில் இரண்டு பேர், இரண்டு ஓட்டு. தலைமை அதிகாரி வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கண்ணால் கெஞ்சினார். லோடு வண்டிக்காரர்தான் சொன்னார்.

“கணக்கு நேராப் பூடும்கா. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இரு.”

எனக்கு ஆசை வந்தது, பொய் சொல்லப் போவதில்லை. பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்லை. இந்தத் தடவை யாருக்குப் போட வேண்டும் என்று யோசித்து யோசித்து முடிவு செய்து வைத்திருந்தேன். அந்த நீல பட்டனை அழுத்தாமல் வீட்டுக்குப் போவது என்பதை நினைத்தாலே மனசு ஆறவில்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை, சிலிப்பைத் தப்பாக அச்சடித்த அரசாங்கத்தின் மேல் பழி போட்டுவிட்டு, அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றேன். லோடு வண்டிக்காரர் ஆள் அனுப்பினார். கேட்டுக்குப் போய்த் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான்.

“போட்டுட்டு வாக்கா. மொத்தக் கணக்கு சரியா வருதில்ல, யார் பேர்ல விழுந்தா என்ன?”

பத்து நிமிடத்தில் அவள் வந்துவிட்டாள். வெள்ளானூர் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங் வேலை பார்ப்பவள், தெருவில் போகும்போது பார்த்துச் சிரிப்பதோடு சரி. உலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், புடவையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கள்ள ஓட்டு கேஸில் போலீஸ் கூப்பிடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. பெண் போலீஸ் அவளைப் பார்த்து, அடுத்தவர் ஓட்டைப் போட்டால் ஜெயில் என்று தெரியுமா என்று கேட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிலிப்பை எடுத்து என்னிடம்தான் நீட்டினாள்.

“நீதானக்கா குடுத்த. எனக்கு எங்கேக்கா படிக்கத் தெரியும், பேரு மட்டுந்தான் எழுதுவேன். நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு எடுத்துக்கினு வந்தேன்.”

சிலிப்பை வாங்கிப் பார்த்தேன். என்னுடையது. அச்சடித்ததில் ஒரு தப்பும் இல்லை. இருபது வருடமாக அடுத்தவர் செய்த பொருளில் முடியளவு பிசகைக்கூடக் கண்டுபிடிக்கிற நான், என் பெயர் போட்ட சிலிப் இரண்டு இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், அமெரிக்காவா இந்தியாவா என்று வாதாடிக்கொண்டே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததும் நான், கள்ள ஓட்டு என்று ஊரைக் கூட்டியதும் நான். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

முதலில் பெண் போலீஸிடம் போனேன். இந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, சிலிப்பை மாற்றிக் கொடுத்தது நான்தான், வேண்டுமானால் என் மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கத்தின அதே குரலில்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் மெதுவாக, அப்போது நான் போட்ட ஓட்டு செல்லுமா அக்கா என்று கேட்டாள். செல்லும் என்று அதிகாரி சொன்னார். அவளுக்கு உயிர் வந்தது. உடனே என் கையைப் பிடித்து, என் பேரில் நீ போட்டுக்கோக்கா, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்றாள்.

இப்போது சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் சம்மதம். நான் ஒருத்தி சரி என்றால் போதும். அதிகாரி பதிவேட்டை என் பக்கம் திருப்பிப் பேனாவை எடுத்து வைத்தார்.

எனக்கு அந்த எழுத்துகள்தான் கண்ணில் நின்றன. கட்டத்தைத் தாண்டி வழிகிற அந்தப் பெரிய எழுத்துகளை அவள் எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருப்பாள். அவளுக்கென்று இருக்கும் வரியில் நான் ஸ்டைலாக ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுப் போனால், நாளைக்கு யாராவது இரண்டையும் எடுத்துப் பார்த்து இவள் இரண்டு தடவை வந்தாள் என்று சொல்லிவிட்டால் அவள் எங்கே போய் நிரூபிப்பாள்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு நிமிடம் முன்னால் அவள் தெரியாமல் செய்ததற்கு ஜெயில் என்றார்கள். அதையே நான் தெரிந்து செய்தால் கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பேனாவை மூடி வைத்துவிட்டு, டெண்டர் ஓட்டுத் தாளைக் கொடுங்கள் என்றேன்.

நம் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டால், நாம்தான் நாம் என்று அதிகாரிக்கு நிரூபித்துவிட்டுக் காகிதச் சீட்டில் போடுகிற ஓட்டு அது. மெஷினில் சேராது. தனி உறையில் போட்டு மூடிவிடுவார்கள். யாராவது கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டும் சொன்னால் ஒழிய அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். அதாவது அது எண்ணப்படாது. அது எனக்கும் தெரியும், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அதிகாரிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அதற்குத் தனிப் படிவம், தனி உறை, மேலிடத்துக்குத் தகவல், இன்னும் என்னென்னவோ இருக்கிறது, வெளியே வரிசை வேறு நிற்கிறது என்றார். வரிசையிலிருந்தும் முணுமுணுப்பு வந்தது. அம்மா, வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பாரு என்று ஒருவர் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு இன்றைக்குச் சமையல் இல்லை, நாள் முழுக்க நிற்பேன் என்றேன். இன்னொரு ஏஜென்ட் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எண்ணாத ஓட்டுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ ரவுசு?”

“எண்ணலன்னா போவுது. நான் வந்தேன், என் ஓட்டைக் கேட்டேன்னு எழுதி வைங்க. இன்னொருத்தி பேர்ல கையெழுத்துப் போட்டுத்தான் என் ஓட்டு எனக்குக் கிடைக்கும்னா, அது எனக்கு வேணாம்.”

 அந்த அதிகாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நினைத்திருந்தால் என்னை வெளியே அனுப்பியிருக்கலாம். பெருமூச்சு விட்டுவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டுக் கையேட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். அவருக்கும் இது முதல் தடவை. என் கதவு எண், கணவர் வயது, வீட்டில் வேறு யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டுப் பட்டியலோடு சரிபார்த்தார். கையெழுத்து வாங்கினார், விரலில் மை வைத்தார். அப்புறம் ஒரு காகித வாக்குச்சீட்டையும் முத்திரைக் கட்டையையும் என் கையில் கொடுத்தார். தடுப்புக்குப் பின்னால் போனேன். பக்கத்திலேயே மெஷின் சும்மா உட்கார்ந்திருந்தது. சீட்டில் முத்திரையைக் குத்தி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை உறையில் போட்டபோது அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போய்விட்டதே என்கிற அழுகைதான், வேறொன்றுமில்லை.

வெளியே அந்தப் பெண் போகாமல் நின்றிருந்தாள். உன் ஓட்டை நான் தின்றுவிட்டேனே என்று கண்ணைத் துடைத்தாள். நீ எங்கே தின்றாய், நான்தான் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனேன் என்றேன். அதற்கு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் அதிகம் பயன்படுத்தாத வார்த்தை.

தம்பியோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். கேலி செய்யப் போகிறான், பதிலுக்கு வறுத்தெடுக்கலாம் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். தெருமுனைக்கு வந்ததும் நின்றான். போன தடவை அங்கே அவன் தபாலில் அனுப்பிய சீட்டு, உறையிலிருந்த கையெழுத்துப் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டதாம். குறிப்பிட்ட நாளுக்குள் வந்து சரிசெய்யலாம் என்று கடிதம் வந்ததாம். வேலை இருந்தது, போகவில்லை, ஓட்டு தள்ளுபடியாகிவிட்டது என்றான். சோபாவும் காபியும் சொன்னவன் இதை இத்தனை நாளும் சொல்லவே இல்லை.

“ஒரு மணி நேரம் வண்டி ஓட்டணும்னு சோம்பேறித்தனம்க்கா. அவ்வளவுதான்.”

அவனை வறுத்தெடுக்க எனக்கு மனசு வரவில்லை. எந்த நாட்டு முறை உசத்தி என்ற சண்டையை அதற்குப் பிறகு நாங்கள் போட்டதில்லை. எந்த முறையாக இருந்தாலும், சரி விடு என்று நாமே சொல்கிற இடத்தில்தான் அது ஓட்டையாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சிலிப்பில் அப்படித்தான் விட்டேன், அவன் கையெழுத்தில் விட்டான்.

அந்த உறை பிரிக்கப்பட்டிருக்காது. அந்தத் தேர்தலில் நான் விரும்பியது எந்தக் கணக்கிலும் சேரவில்லை என்பது இன்றைக்கும் வலிக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு எல்லாரும் சொன்னபடி பேனாவை எடுத்து அவள் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தால், அடுத்த தேர்தலுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டி, இந்தா உன் சிலிப், இது உன்னுடையது என்று சொல்லியிருப்பேன்?